மாடியில் தப்பாகப் பேசலாம்

"உங்க பொண்ணு பேசுவாளா, பவித்ரா மம்மி?"

எல்.கே.ஜி. மிஸ் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பவித்ரா பேசுவாளாவா? காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். வாய் நிறைய நுரையோடு பேசுவாள். ராத்திரி அரை வாக்கியத்தில்தான் தூங்கிப்போவாள். மீதி அரை வாக்கியம் மறுநாள் காலை பல் தேய்க்கும்போது வரும்!

மிஸ் சிரிக்கவில்லை.

"ஸ்கூல்ல வாயே திறக்கறதில்ல. ஜூன்லேர்ந்து இதே கதைதான். எழுதச் சொன்னா எழுதறா. கலர் அடிக்கச் சொன்னா அழகா அடிக்கறா. கேள்வி கேட்டா மட்டும் உதட்டை உள்ள மடிச்சுக்கறா. அடுத்த வாரம் ஓரல் டெஸ்ட். அதுலயும் இப்படியே நின்னா நான் என்னன்னு மார்க் போடறது? இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.யிலேயே உட்காரட்டும்னு பெரிய மிஸ் சொல்றாங்க."

எல்.கே.ஜி.யில் ஃபெயில்!

தாம்பரத்தில் பஸ் ஏறினேன். பவித்ரா ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். என் காதில் எதுவும் விழவில்லை. சேலையூர் வருவதற்குள் அவள் பத்தாம் வகுப்புவரை வரிசையாக ஃபெயிலாகிவிட்டாள். கேம்ப் ரோடு ஸ்டாப்பில் இறங்கும்போது அவளுக்குப் பார்த்த வரனும் தட்டிப்போய்விட்டது. கவலைப்படுவதில் நான் கொஞ்சம் வேகம்... இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்குமே!

அன்று சாயங்காலமே வீட்டில் ஓரல் டெஸ்ட்டை ஆரம்பித்துவிட்டேன். டைனிங் டேபிள் நாற்காலிதான் மிஸ்ஸின் நாற்காலி. புடவைத் தலைப்பை மிஸ் மாதிரியே மடித்துப் பின் குத்திக்கொண்டேன். வாட் இஸ் யுவர் நேம்? ஹௌ ஓல்ட் ஆர் யூ? வாட் கலர் இஸ் தி க்ரோ?

டாண் டாண் என்று பதில் வந்தது. பாருங்கள், எல்லாம் தெரிகிறது! பிறகு ஏன் பள்ளியில் மௌனம்?

சும்மா இருந்திருக்கலாம். கூடுதலாக ஒரு கேள்வி கேட்டேன். "வேர் டஸ் தி க்ரோ ஸ்லீப்?"

உதடுகள் உள்ளே மடிந்தன. மிஸ் சொன்ன அதே மடிப்பு. அதை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

"ட்ரீன்னு சொல்லேண்டி. இல்ல, தெரியலைன்னாவது சொல்லு."

ம்ஹூம். கண் மட்டும் என் முகத்திலேயே இருந்தது. தப்பாகச் சொன்னால் இந்த முகம் எப்படி மாறும் என்று கணக்குப் போடுகிற மாதிரி.

பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "காக்கா எங்க தூங்கும்னு உனக்குத் தெரியுமா முதல்ல?"

"மரத்துல."

"பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லைதான். அதற்காக அவரிடம் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? சமையலறைக்குப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மாலை வேளைகளில் வீட்டில் ஹிந்தி டியூஷன் எடுக்கிறேன். ஹிந்தி சபா நடத்தும் முதல் பரீட்சையிலிருந்து கடைசிப் பரீட்சைவரை அத்தனையும் எழுதிப் பாஸ் செய்தவள். எல்லாவற்றிலும் ஃபர்ஸ்ட் கிளாஸ். நம் பக்கத்துத் தெருக்களில் இந்தப் பரீட்சை எழுதாத வீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம்! பிப்ரவரியும் ஆகஸ்டும் நெருங்கினால் பிள்ளைகளெல்லாம் கைடும் கையுமாகத்தான் அலைவார்கள். நானும் அப்படி அலைந்தவள்தான். கங்கை நதியைப் பற்றி ஒரு கட்டுரையை உருப்போட்டால் போதும். காவிரி வந்தால் பெயரை மட்டும் மாற்றிவிடலாம். ரயில் பயணம் படித்தவளுக்கு பஸ் பயணமும் தெரியும். இந்த ரகசியத்தையெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் என் டியூஷனுக்கு நல்ல பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் ஹிந்தி சீரியல் ஓடும்போது பார்க்க வேண்டுமே! டி.வி. இல்லாதவர்கள், இருந்தும் அர்த்தம் தெரியாதவர்கள்... எல்லோரும் எங்கள் ஹாலில்தான் இருப்பார்கள். "டீச்சர், அவர் என்ன சொல்றார்?" என்று ஒருத்தர் கேட்க, நான் சொல்ல, கூட்டம் தலையாட்டும். நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? ஓடியது புராணக் கதை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை! மகுடத்தைக் கழற்றினால் வனவாசம், வில்லை எடுத்தால் சண்டை... இதற்கு ஹிந்தி எதற்கு?

வண்டி இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், சில மாதங்களுக்கு முன்பு, மாடி போர்ஷனுக்கு சுனிதா குடிவந்தாள்.

வடக்கே ஏதோ சின்ன ஊர். கணவர் விமானப்படையில் வேலை. பவித்ராவைவிடக் கொஞ்சம் பெரியவளாக ஒரு பெண், ரிங்கி. சாமான் இறங்கிக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளை என் வாசலுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

"தோ பாரு, இவங்க ஹிந்தி டீச்சரு! நீ இன்னா வேணா கேளு. உன் பாஷைல புட்டு புட்டு வெப்பாங்கோ!"

புது ஊரில் தன் மொழி பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது? "நமஸ்தே தீதி!" என்று ஆரம்பித்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு வெள்ளம்... வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. என் புத்தகங்களில் இடைவெளி விட்டுத்தான் அச்சடித்திருந்தார்கள்!

"ஜி," என்றேன். அவள் நிறுத்தினாள். ஏதோ கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. "ஜி... ஜி," என்று இன்னும் இரண்டு சேர்த்துப் போட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே ஓடிவிட்டேன்.

அதன்பின் ஒளிந்து வாழ்ந்தேன். மிகையில்லை. மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துவேன். அவள் மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கிய பிறகுதான் நான் வாளியைத் தூக்குவேன். காலிங் பெல் அடித்தால் பவித்ராவை அனுப்புவேன். "அம்மா குளிக்கறாங்கன்னு சொல்லுடா கண்ணா."

பேச வராது என்றில்லை. மனசுக்குள் வாக்கியம் தயாராகத்தான் இருக்கும். ஆனால் ஹிந்தியில் இந்தச் சொல் ஆண்பாலா பெண்பாலா என்று சரிபார்த்து முடிப்பதற்குள் எதிராளி வீட்டுக்கே போய்விடுவாள். தவறிப்போய்த் தப்பாகச் சொல்லிவிட்டால்? ஹிந்தி டீச்சர்! எவ்வளவு கேவலம்!

இப்படியே மாதங்கள் ஓடின. பெண்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். பவித்ரா பள்ளிவிட்டு வந்ததும் மாடிக்குப் போய்விடுவாள். டியூஷன் நேரத்தில் தொந்தரவில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஓரல் டெஸ்ட்டுக்கு முந்தைய சனிக்கிழமை. மோட்டார் போட வந்த ஹவுஸ் ஓனர் அம்மா என்னை நிறுத்தினார்.

"டீச்சரம்மா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. ஒரு நாளைக்கு எத்தினி தபா குளிப்ப?"

"ஏம்மா? காலைல ஒரு தடவைதான்..."

"அப்டியா? மேல் வூட்டுப் பொண்ணு வேற மாதிரி சொல்லுது. எப்ப கீய வந்தாலும் நீ குளிச்சிகினே கீறியாம். கெணத்துல தண்ணி கீய பூட்ச்சி. மோட்டார் காத்தைத்தான் இழுக்குது. நாங்கோ சொம்புல மொண்டு ஊத்திக்கறோம், நீ இன்னாடான்னா..."

எனக்கு முகமெல்லாம் சூடு. "உடம்புக்குக் கொஞ்சம் உஷ்ணம்மா," என்று எதையோ உளறிவிட்டு, பவித்ராவைக் கூப்பிடும் சாக்கில் படியேறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

மேலே ஒரு குரல். கணீரென்று. ஹிந்தியில்.

"ரிங்கி! பொம்மைக்கு பூக் லகா! இட்லி தேதோ... நை நை, சாம்பார் ஊத்தாத, ட்ரெஸ் கந்தா ஆயிடும்!"

பவித்ராதான். பத்து மாதமாகப் பள்ளியில் வாய் திறக்காத என் பெண்! பூக் என்றால் பசி. அந்தப் பசி ஆணா பெண்ணா என்பது நான் ராத்திரி கண்விழித்து உருப்போட்ட விஷயம். அவள் அதை மிதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிக்கிறாள். இல்லை, ஹிந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறாள். ரிங்கி சிரிக்கிறாள், இவளும் கூடவே சிரிக்கிறாள். பொம்மைக்கு இட்லி கிடைத்துவிட்டது! அப்புறமென்ன?

அன்றிரவு தட்டில் சோறு பிசைந்துகொண்டே கேட்டேன். மிஸ் குரலில் இல்லை. ஜாக்கிரதையாக, அம்மா குரலில்.

"மேல அவ்ளோ பேசறியே, ஸ்கூல்ல ஏன் பேசமாட்டேங்கற?"

"மாடில தப்பாப் பேசலாம்மா."

"ஸ்கூல்ல?"

"தப்பு சொல்லக்கூடாது. தெரிஞ்சாத்தான் சொல்லணும்."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாமே?"

குழந்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இதுகூடவா இந்த அம்மாவுக்குத் தெரியாது என்கிற பார்வை.

"நீ மட்டும் சொல்றியா? தெரியலைன்னா நீ குளிக்கப் போயிடுவ. ஸ்கூல்ல நான் எப்படிம்மா குளிக்கறது?"

வீட்டுக்காரர் சிரித்துப் புரைக்கேறி, தலையில் தட்டிக்கொண்டு எழுந்துபோனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். இவளுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்தேன். ரைம்ஸ் சொல்லிக்கொடுத்தேன். ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தேன். இதை மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவேயில்லையே! பாடம் நடக்கிறது என்றே எனக்குத் தெரியாத வேளையில், கதவோரம் நின்று, "அம்மா குளிக்கறாங்க" என்று சொல்லிச் சொல்லியே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு இந்தப் பயம் எப்போது வந்தது? பேச ஆரம்பித்த குழந்தை எத்தனை தப்புச் சொல்கிறது... தப்பாகச் சொல்லச் சொல்ல நாம் கொஞ்சுகிறோம், பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய் அந்தத் தப்பைச் சொல்லிக்காட்டிப் பெருமைப்படுகிறோம். தோசை வார்க்கக் கற்றுக்கொண்டபோதும் அப்படித்தான். பிய்ந்ததைப் பிய்ந்தபடியே சாப்பிட்டோம், அடுத்ததை ஊற்றினோம். அதற்கு யாரும் மார்க் போடவில்லை. இன்றைக்கு என் தோசை வட்டமாகத்தான் வருகிறது. ஹிந்திக்கு மார்க் போட்டார்கள். நிறையவே போட்டார்கள். அந்த மார்க்கைக் காப்பாற்றுவதற்காகவே நான் வாயை மூடிக்கொண்டேனோ? இப்படி நினைப்பது சரியா என்றும் தெரியவில்லை. பரீட்சை இல்லாவிட்டால் நான் அந்த எழுத்தைக்கூடப் படித்திருக்க மாட்டேனே!

மறுநாள் ஞாயிறு. பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். சுனிதா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியத்தில் அவளுக்குத் தமிழ்தான் வந்தது.

"அக்கா! நீங்கோ குளிச்சி முட்ச்சிட்டிங்கோ?"

நான் ராத்திரியே மனசுக்குள் கட்டிவைத்திருந்த ஹிந்தி வாக்கியத்தை எடுத்துவிட்டேன். நான் பரீட்சைகள் மட்டுமே எழுதியவள். பேசும் பழக்கம் இல்லாதவள். தாங்கள் பொறுத்தருள வேண்டும்... இந்த ரீதியில். புத்தகத்தில் அப்படித்தானே பேசுகிறார்கள்? நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கிவிழுந்தேன். பவித்ரா என் புடவையை இழுத்தாள். "அம்மா, அப்படி இல்லம்மா!" என்று குதித்துக் குதித்துச் சிரித்தாள்.

சுனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். "அக்கா... நீங்கோ ரேடியோ நியூஸ் மாதிரி பேசறிங்கோ!"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? இடி ஒன்றும் விழவில்லை. டீயும் வந்துவிட்டது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். "எப்படி சுனிதா, இவ்ளோ சீக்கிரம் தமிழ் கத்துண்ட?"

"எங்கே கத்துகினேன்? பேசிகினே கீறேன், அவ்ளோதான். தள்ளுவண்டி அம்மாகிட்ட, ஹவுஸ் ஓனர் அம்மாகிட்ட. தப்பு பேசுனா இன்னா? கத்திரிக்கா குடுக்க மாட்டாங்களா?"

"பயமே இல்லையா உனக்கு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். இந்தத் தடவை ஹிந்தியில், எனக்காக மெதுவாக, இடைவெளி விட்டுச் சொன்னாள். அவளும் பி.ஏ. காலேஜில் இங்கிலீஷில் நல்ல மார்க். ஆனால் ஆபீசர் வீட்டு அம்மாக்கள் கூடும் இடத்துக்குப் போனால் ஒரு வார்த்தை வராதாம். யாராவது பக்கத்தில் வந்தால் இவள் நைசாக பாத்ரூம் பக்கம் நழுவிவிடுவாளாம்!

முழுசாகப் புரிந்தது எனக்கு. ஒரு வார்த்தை விடாமல். நான் முதன்முதலில் புரிந்துகொண்ட நிஜ ஹிந்தி இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது தினமும் கொஞ்ச நேரம் மாடியில் உட்காருகிறேன். அவள் என் ஹிந்தியின் புத்தக மடிப்பைக் கலைத்துவிடுகிறாள். பதிலுக்கு அவள் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? தமிழ் எழுத்து. பேச்சு அத்தனை வந்தும், பெருங்களத்தூர் போக வேண்டியவள் போர்டு படிக்கத் தெரியாமல் பஸ் ஏறிப் பல்லாவரத்தில் போய் இறங்கியிருக்கிறாள். விசாரித்து விசாரித்துத் திரும்பி வந்துவிட்டாள் என்பது வேறு விஷயம். "இந்த ஜிலேபி எல்லாம் எனக்குச் சொல்லிக்குடுங்கோ அக்கா," என்றாள். அட, என் வித்தைக்கும் வேலை இருக்கிறது என்று அல்ப சந்தோஷத்தில் 'அ' போட ஆரம்பித்திருக்கிறேன்.

சரி, ஓரல் டெஸ்ட்?

அந்த வாரம் முழுக்க நான் மிஸ் வேஷம் போடவில்லை. போடாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு கேள்வி கேட்டுப் பார்த்துவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்துக்கொண்டே இருந்தது. டெஸ்ட் அன்று காலை பின்னல் போடும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். "தெரியலைன்னா மிஸ்கிட்டயே கேளு. தப்பா வந்தாலும் அம்மாக்குக் கோபம் வராது." சொல்லும்போதே என் முகம் சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

பள்ளியில் அம்மாக்களெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். ஒவ்வொரு குழந்தையாக உள்ளே போய் வந்தது. "ஆப்பிளுக்கு என்ன ஸ்பெல்லிங் சொன்ன?" என்று அங்கேயே விசாரணை நடந்தது. பவித்ரா போனாள். மற்ற குழந்தைகளைவிட அதிக நேரம். உதட்டை மடித்துக்கொண்டு நிற்கிறாள்... மிஸ் காத்திருக்கிறார்... ஐயோ, வீட்டில் நாலு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாமே! நான் மறுபடியும் பத்தாம் வகுப்பு ஃபெயில்வரை போய்விட்டேன்.

மிஸ் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"முதல் கேள்விக்கு அதே மாதிரி உதட்டை மடிச்சா, பவித்ரா மம்மி. சரி, நீ போம்மான்னு அடுத்த பேரைக் கூப்பிடப் போனேன். அப்ப கேட்டா பாருங்க... 'மிஸ், தப்பா சொல்லலாமா?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பத்து மாசத்துல முதல் தடவையா அவ குரலைக் கேக்கறேன். வேணாம்னா சொல்ல முடியும்? சொல்லும்மான்னேன். அவ்ளோதான்! நிறுத்தவே முடியல. பாதிக்குப் பாதி தப்பு. யானை என்ன கலர்னா ஹிந்தில ஏதோ சொல்றா. காக்கா எங்க தூங்கும்னு என்னையே திருப்பிக் கேக்கறா! ஆனா பேசிட்டா. யு.கே.ஜி.க்கு அனுப்பிடலாம்."

நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர். வேப்பமரத்தடியில் மற்ற அம்மாக்கள் பார்க்கிறார்களே என்று கூச்சம் வேறு.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் குழப்பமா இருக்கு," என்றார் மிஸ். "உன் அம்மா என்ன பண்றாங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டேன். 'மை மதர் இஸ் லேர்னிங் ஹிந்தி' அப்படிங்கறா. நீங்க ஹிந்தி டீச்சர்னுல்ல சொன்னாங்க? இதுக்கு ரைட் போடறதா, தப்பு போடறதா?"

"ரைட்டே போடுங்க, மிஸ்," என்றேன்.

வாசகர்களே, ஒரு சின்ன வேண்டுகோள்... இந்தப் பக்கத்தை மட்டும் என் டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் கண்ணில் காட்டிவிடாதீர்கள்!